பொட்டைத் தொட்டால் பேர்

பிப்ரவரி 2, திங்கள்

இந்த டைரி அவருடைய பனியன் கம்பெனிக்கு நூல் கொடுக்கிறவர்கள் புதுவருடத்துக்குத் தந்தது. ஒரு மாதமாக டிவி மேலேயே கிடந்தது. இன்று எடுத்து எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் பயம். வாய்விட்டுச் சொல்கிற மாதிரியான பயமும் இல்லை இது.

ஜூனில் பாப்பா ஒன்றாம் வகுப்பு. மெயின் ரோட்டு மெட்ரிக் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று அவர் முடிவு செய்துவிட்டார். அவர் என்றால் லோகநாதன், என் வீட்டுக்காரர், கட்டிங் மாஸ்டர். துணியில் ஓர் இழை கோணினால் கண்டுபிடித்துவிடுவார். வீட்டில் எது கோணினாலும் கண்ணில் படாது. அதுவும் ஒருவகையில் நல்லதுக்குத்தான்.

எங்கள் லைன் வீட்டில் அடுத்த கதவு ஜெசிந்தா அக்கா. அவர் மகன் அந்தப் பள்ளியில் மூன்றாவது படிக்கிறான். என்னென்ன வேண்டும் என்று அவரைக் கேட்டேன்.

"பொறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதாரு, தடுப்பூசி அட்டை, போட்டோ ஆறு. அப்பறம் ஒரு நாள் கூப்புட்டுப் பேசிப் பாப்பாங்க. இன்டர்வியூன்னு சொல்ல மாட்டாங்க, ஆனா அதுதான். புள்ள கேட்டதுக்குப் பதில் சொல்லோணும் கோகிலா. அவ்வளவுதான்."

அந்த "அவ்வளவுதான்" என்ற இடத்தில், அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன்.

மதியம் பாப்பாவின் பைலை எடுத்தேன். பிறந்த ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள்களோடு சேர்த்துப் பதினான்கு. பதிமூன்றைத் திரும்ப வைத்தேன். ஒன்றை பீரோ மேல்தட்டில் விரித்திருக்கும் பேப்பருக்கு அடியில் தள்ளினேன். அது பள்ளிக்குத் தேவைப்படாத தாள்.

பிப்ரவரி 5, வியாழன்

பிசிறு வெட்ட இரண்டு மூட்டை வந்தது. பனியனில் தொங்கும் நூலை நான் கத்தரிக்கக் கத்தரிக்க பாப்பா பொறுக்கி டப்பாவில் போட்டாள். கெட்டிக்காரி. சொல்லாமலே எல்லாம் செய்கிறாள். சொன்னால்தான் செய்வதில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

பால்வாடியில் கூப்பிடப் போனபோது டீச்சர் என்னை நிறுத்திவிட்டார்.

"பாப்பா எந்நேரமும் என்ற மூஞ்சியவே பாத்துட்டிருக்கறாம்மா. கத சொல்லையில முன்னாடி வந்து உக்காந்துக்கறா. படம் காட்டலாம்னு புஸ்தகத்த மூஞ்சிக்கு நேரா தூக்குனா, அத இழுத்துக் கீழ எறக்கறா."

"உங்க மேல அவ்வளவு பிரியமுங்க டீச்சர்."

"அதில்ல. ஒருக்கா டாக்டர்கிட்ட காமிச்சுப் பாருங்களேன்."

"காமிச்சாச்சுங்க" என்றேன். எந்த டாக்டர் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பெயர் சொல்லியிருப்பேன். எனக்கு இப்போது பொய் வாயில் தயாராகவே இருக்கிறது.

பிப்ரவரி 14, சனி

குக்கர் நான்கு விசில் விட்டது. பாப்பா அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பொம்மைக்குத் தலை வாரினாள். தோள்கூட அசையவில்லை. அவர் மொபைலிலிருந்து தலையைத் தூக்கி, "பாரு, என்ன கவனம்! படிப்புல இப்படியே இருந்தா கலெக்டர்தான்" என்றார்.

பஸ் வந்தால் ஓடிப்போய்ப் பார்க்கிறாள். அவர் வண்டிச் சத்தம் தெருமுனையில் வரும்போதே வாசலில் நிற்கிறாள். இடி இடித்தால் என் மடியில் ஏறுகிறாள். கதவை அடித்துச் சாத்தினால் திரும்புகிறாள். இதெல்லாம் கேட்கிறவளுக்கு எப்படிக் கேட்காமல் போகும்? பேச்சு கொஞ்சம் மழலை. ச வராது. அஞ்சு வயது முடியவில்லை, வரும்.

பிப்ரவரி 20, வெள்ளி

காலை ஆறு மணிக்கே பள்ளியில் விண்ணப்பப் பாரம் வாங்க வரிசையில் நின்றோம். முன்னால் இருபது பேர். வாங்கி வந்து, கை கழுவி, சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து நிரப்பினேன். குழந்தையின் பெயர்: எல். தன்விகா. தாய்மொழி, இரத்த வகை, எல்லாம் கடகடவென்று எழுதினேன். மூன்றாம் பக்கத்தில் "குழந்தையின் உடல்நலம் குறித்துப் பள்ளி அறிய வேண்டியவை" என்று போட்டு மூன்று கோடு விட்டிருந்தார்கள். மூன்று கோடு எதற்கு? ஒரு கோடு போதாதா?

"ஏதுமில்லை" என்று எழுதினேன். என் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கும். அந்த ஒரு சொல் மட்டும் கோணிக்கொண்டது.

மார்ச் 1, ஞாயிறு

பயிற்சி ஆரம்பித்தாயிற்று. ஜெசிந்தா அக்கா பத்துக் கேள்வி எழுதித் தந்தார். உன் பேர் என்ன, அப்பா பேர் என்ன, வயசு என்ன, இப்படி. நான் எதிரில் உட்கார்ந்து கேட்கிறேன், பாப்பா டக்கு டக்கென்று சொல்கிறாள். பத்துக்குப் பத்து. எனக்கே பெருமையாக இருந்தது.

குளித்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தவர், துண்டுக்குள்ளிருந்தே, "கண்ணு, உனக்குப் புடிச்ச பழம் என்ன?" என்றார்.

"தன்விகா" என்றாள் பாப்பா.

"அப்பா பேரு என்ன?"

"லோகநாதன்."

"ஆகா! எந்த ஊரு?"

"அஞ்சு வயது."

அவர் சுவரில் சாய்ந்து சிரித்தார். "பத்தையும் வரிசையா உருப்போட்டு வெச்சிருக்கறா, கள்ளி!" பாப்பாவும் அவர் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தாள். நான் எழுந்து போய் பாத்திரம் தேய்த்தேன். தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தேன்.

மார்ச் 7, சனி

சாயங்காலம் ஏழு மணிக்குக் கரண்டு போயிற்று. பாப்பா வீல் என்று கத்தினாள். "இங்கதான் இருக்கறேன் கண்ணு, இங்கதான்" என்று நான் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். மூன்றடி தூரம். அவள் நிறுத்தவில்லை. மொபைல் டார்ச்சைப் போட்டு என் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். "அம்மா இருக்கறேன்" என்றேன். அப்போதுதான் அடங்கினாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இருட்டு என்றால் பயம்தான்.

மார்ச் 10, செவ்வாய்

ஒரு விளையாட்டு கண்டுபிடித்தேன். நான் பொட்டைத் தொட்டால் அவள் பேர் சொல்ல வேண்டும். தாலிக்கொடியைத் தொட்டால் அப்பா பேர். வளையலைத் தொட்டால் வயது. முந்தானையை இழுத்துவிட்டால், காட்டுகிற பொருளின் நிறம். காதுத் தோட்டைத் தொட்டால் எண்ண வேண்டும்.

அரை மணி நேரத்தில் பிடித்துக்கொண்டாள். எந்த வரிசையில் தொட்டாலும் தவறவில்லை. இப்படிப்பட்ட பிள்ளையை யார் வேண்டாம் என்பார்கள்? விளையாட்டுத்தானே. எல்லா அம்மாக்களும் ஏதோ ஒன்று சொல்லிக் கொடுத்துத்தான் கூட்டிப் போகிறார்கள்.

மார்ச் 16, திங்கள்

அவர் இல்லாத நேரம் பார்த்து அம்மா போன் செய்தாள்.

"ரங்கன் கேட்டான்."

எப்படிக் கேட்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். உள்ளங்கையைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் பிடித்து, புருவத்தைத் தூக்குவான். பாப்பா எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று கேட்பதற்கு அதுதான் அவன் பேச்சு.

எழுதிவிடுகிறேன். இந்த டைரியை யார் படிக்கப்போகிறார்கள்? எனக்கு ஓர் அண்ணன் உண்டு. ரங்கசாமி. பிறந்ததிலிருந்து காது கேட்காது, பேச்சும் இல்லை. மூன்றாவது வரை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நாலாவதுக்கு அனுப்ப வேண்டாம் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். இப்போது காங்கேயத்தில் ஒரு ஓட்டலில் மாவு ஆட்டுகிறான். பெயர் சொல்லி அவனை அழைத்தவர்கள் எங்கள் வீட்டில் மட்டும்தான். மற்றவர்கள் அழைத்த பெயரை எழுத மாட்டேன்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது அவனைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். ஒரே பொண்ணு என்று சொன்னோம். கல்யாணத்தன்று மண்டபச் சமையல்கட்டில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தான். மணவறையிலிருந்து எனக்கு அந்தக் கதவு தெரிந்தது. "கல்யாணம் முடியற வரைக்கும்தான் கண்ணு, அப்பறம் மெதுவாச் சொல்லிக்கலாம்" என்றாள் அம்மா. கல்யாணம் முடிந்து ஏழு வருடமாகிறது.

"பாப்பா நல்லாப் பேசறாளா?" என்றாள் அம்மா.

"நல்லாப் பேசறா."

"நல்லாக் கேக்குதல்ல?"

போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 28, சனி

போய்விட்டு வந்துவிட்டோம்.

காலையில் பாப்பாவுக்கு மஞ்சள் கவுன், இரண்டு குடுமி. பள்ளியில் பத்து குடும்பம் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. ஒரு அப்பா மகன் காதில் கடைசி நேரம் வரை ஏ பி சி டி ஓதிக்கொண்டிருந்தார். எல்லா அம்மாக்களும் சிரித்த முகமாக இருந்தார்கள். யாருக்கு உள்ளே என்ன ஓடியதோ.

பிரின்சிபால் மேடத்துக்குச் சளி. முகக்கவசம் போட்டிருந்தார். வாசலில் அதைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். மூக்கும் வாயும் மூடிய ஒரு முகம். பாப்பா அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"பேரன்ட்ஸ் அங்க உக்காருங்க" என்று குழந்தைக்குப் பின்னால் இருந்த நாற்காலியைக் காட்டினார் மேடம். எனக்கு வியர்த்தது. "பேன் காத்து இங்க வருதுங்க மேடம், நான் இப்படி உக்காந்துக்கறேன்" என்று சொல்லி, மேடத்தின் தோளுக்குப் பின்னால் சுவரோரம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். பாப்பாவுக்கு நான் நன்றாகத் தெரிந்தேன்.

"உன் பேரு என்னம்மா?"

பொட்டைத் தொட்டேன். "தன்விகா."

"வெரி குட். எத்தனை வயசு?"

வளையல். "அஞ்சு வயது."

பலூன் படத்தைக் காட்டி நிறம் கேட்டார். முந்தானையை இழுத்துவிட்டேன். "திவப்பு." எத்தனை என்று கேட்டார். தோடு. "ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு." மேடம் தலையாட்டி எழுதினார். கடைசியாக, ஜெசிந்தா அக்கா எழுதித் தராத கேள்வியைக் கேட்டார்.

"தன்விக்கு யார ரொம்பப் புடிக்கும்?"

இதற்குச் சைகை இல்லை. பாப்பா என்னையே பார்த்தாள். பயத்தில் என் கை தானாக மார்புக்குப் போயிற்று. தாலிக்கொடி மேல் பட்டது.

"லோகநாதன்!" என்றாள் பாப்பா.

மேடம் சிரித்துவிட்டார். "அப்பா செல்லமா!" என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வீடு வரும் வரைக்கும் வண்டியில் விசிலடித்துக்கொண்டே வந்தார். அந்த விசில் கேட்காமல் பாப்பா அவர் முன்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள்.

இப்போதுதான் கவனித்தேன், மேலே என்ன எழுதியிருக்கிறேன் என்று. அடித்துத் திருத்தவில்லை. இருக்கட்டும்.

மார்ச் 30, திங்கள்

இடம் கிடைத்துவிட்டது.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரைக் கனி. மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம். ஜெசிந்தா அக்கா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். எல்லோரும் எங்களுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். அவர் கம்பெனியில் எல்லோருக்கும் லட்டு கொடுத்திருக்கிறார். கேட்டது கிடைத்த பிறகும் பயம் போகவில்லை. முன்பைவிட அதிகமாகியிருக்கிறது.

ஒரு வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகளாம். டீச்சர் போர்டில் எழுதும்போது முதுகைக் காட்டுவார். அப்போது நான் எந்த ஸ்டூலில் உட்காருவது?

ஏப்ரல் 22, புதன்

யூனிபார்ம் அளவு கொடுக்கப் போயிருந்தோம். அவர் வேலைக்குப் போய்விட்டார், நானும் பாப்பாவும்தான். அளவெடுத்த பிறகு ரசீதில் கையெழுத்துப் போடக் குனிந்தேன். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பேர் எழுதுகிற நேரம்.

நிமிர்ந்தபோது பாப்பா மைதானத்தின் நடுவில் தட்டான் பிடித்துக்கொண்டிருந்தாள். பள்ளி வேன் ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. பின்னால் போகும்போது கீச் கீச் என்று அடிக்குமே, அந்தச் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. ஆபீஸிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்துக் கத்தினார்கள். "பாப்பா! ஏய் பாப்பா! தள்ளிப் போ!" நான் கத்தினேன். என் தொண்டை கிழிகிற மாதிரி அவள் பேரைச் சொல்லிக் கத்தினேன். என் பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு தட்டான் பின்னாலேயே குனிந்து குனிந்து நடந்தாள்.

நான் அப்போது என்ன செய்தேன் தெரியுமா? பொட்டைத் தொட்டேன். ஓடாமல் நின்ற இடத்தில் நின்று பொட்டைத் தொட்டேன்.

கூட்டிக்கொண்டிருந்த ஆயாம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தார். வேன் ஒரு முழம் தள்ளி நின்றது. டிரைவர் இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

ஆயாம்மாதான் கேட்டார். "ஏம்மிணி, புள்ளைக்குக் காது கேக்காதா?"

"கேக்கும்" என்றேன்.

அவர் பாப்பாவை என் கையில் கொடுத்தார். பாப்பா என் முகத்தைப் பார்த்து அழ ஆரம்பித்தாள். அவளுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. என் முகத்தைப் பார்த்துத்தான் அழுதாள்.

"கேக்காதுங்க ஆயாம்மா" என்றேன். "கேக்காது."

ஏப்ரல் 22, சாயங்காலம்

பேப்பருக்கு அடியிலிருந்து தாளை எடுத்து அவரிடம் கொடுத்தேன். பாப்பா பிறந்த மூன்றாம் நாள் காதில் சின்ன மிஷினை வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்த தாள். இரண்டு காதுக்கும் "மறுபரிசோதனை தேவை" என்று போட்டிருக்கும். ஒரு மாதத்தில் கூட்டி வாருங்கள் என்று நர்ஸ் பேனாவால் கோடு போட்டிருந்தார். நான் கூட்டிப் போகவில்லை.

அவர் இரண்டு முறை படித்தார். தேதியைப் பார்த்தார்.

"அஞ்சு வருசம்" என்றார்.

"பயமா இருந்துச்சுங்க."

"அஞ்சு வருசம், கோகிலா."

எழுந்து போய், தூங்கிக்கொண்டிருந்த பாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டிப் பார்த்தார். ஒருமுறை மெதுவாக. ஒருமுறை பலமாக.

ஏப்ரல் 23, வியாழன்

பேசவில்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

பேசவில்லை. சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துப் போகவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் நாள் கேட்டு வாங்கிவிட்டார். மே 4. காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறார்.

மே 4, திங்கள்

காது பரிசோதிக்கும் மேடம் சின்னப் பெண், என்னைவிட இளையவள். முதலில் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்டாள். பிரசவம் எப்படி, எடை எவ்வளவு, காய்ச்சல் வந்ததா. பிறகு, "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருக்கா?" என்றாள்.

"எங்க பக்கம் யாருமில்லீங்க" என்றார் அவர். "இவளுக்குக் கூடப் பொறந்தவங்களே இல்லீங்க."

பேனா நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். மறுபடியும் "இல்லை" என்று சொல்லிவிடலாம். வாயில் தயாராகத்தான் இருந்தது. பாப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு அண்ணன் இருக்கறானுங்க. பொறவியிலேயே கேக்காது. பேசவும் மாட்டான்."

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். நான் திரும்பவில்லை. மேடம் எழுதிக்கொண்டாள். அவளுக்கு அது ஒரு விவரம்தான். "மொதல்லயே சொல்றது நல்லதுங்க" என்றாள்.

பிறகு சத்தம் வெளியே போகாத ஒரு சின்ன அறை. பாப்பாவுக்கு முன்னால் ஒரு கம்பு, கையில் கலர் வளையம். சத்தம் கேட்டால் வளையத்தைக் கம்பில் போட வேண்டும். வளையத்தை அதுவரைக்கும் கன்னத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும். என்னைப் பின்னால் உட்காரச் சொன்னாள் மேடம். "அம்மா, கையக் கட்டிக்கங்க. எதுவும் காட்டிராதீங்க. நெறைய அம்மாக்கள் தெரியாமலே காட்டிருவாங்க." வளையலையும் கழற்றச் சொன்னாள். கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

முதலில் பம் பம் என்று தடித்த சத்தம். பாப்பா போட்டாள். இன்னொன்று. போட்டாள். அப்புறம் சத்தம் மெலிந்துகொண்டே போயிற்று. கிண் என்று ஒன்று. பாப்பா வளையத்தைக் கன்னத்தில் வைத்தபடி இருந்தாள். மறுபடியும் கிண். இருந்தாள். கீச் என்று ஒன்று. அசையவில்லை. எனக்கு ஒவ்வொன்றும் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். பதினொன்று வரைக்கும் எண்ணினேன். எனக்கு மட்டும்தான் கேட்டது.

அப்போது பாப்பா திரும்பி என்னைப் பார்த்தாள். கன்னத்தில் வளையத்தோடு, என் பொட்டைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், வெறுங்கையைப் பார்த்தாள். எதைத் தொடப்போகிறேன் என்று காத்திருந்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதைவிடப் பெரிய தண்டனை எனக்கு யாரும் கொடுக்க முடியாது.

மெல்லிய சத்தங்கள் கேட்கவில்லை, இரண்டு காதிலும். வாயசைவைப் பார்த்தே பாதிப் பேச்சைப் பிடித்திருக்கிறாள் என்றாள் மேடம். "ரொம்பக் கெட்டிக்காரப் புள்ளைங்க." காது மிஷின் வைத்தால் வகுப்பில் சமாளிப்பாள், மழலைக்குப் பேச்சுப் பயிற்சி வேண்டும் என்றாள். "ஒரு வயசுல வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நிறுத்தியிருக்க வேண்டாம். நான் கேட்க வேண்டியதுதான்.

பஸ்ஸில் அவர் ஜன்னலோரம், நடுவில் பாப்பா. ஆற்றுப் பாலம் தாண்டியதும் கேட்டார்.

"பேரென்ன?"

"ரங்கசாமி."

மே 9, சனி

ஐந்து நாளாக வேண்டிய சொல் மட்டும்தான் பேசினார். உப்பு. சாவி. தண்ணி. நான் அழவில்லை. அழுதால் அவர் சமாதானம் செய்ய வேண்டிவரும், அது நியாயமில்லை.

இன்று கம்பெனியிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"உங்க அண்ணனுக்கு என்ன சைஸு? எல்-ஆ, எக்ஸெல்-ஆ?"

எனக்குத் தெரியவில்லை. கூடப் பிறந்தவனின் சட்டை அளவு எனக்குத் தெரியவில்லை. "எல்தான் இருக்குமுங்க" என்றேன்.

"பாத்துட்டுச் சொல்லு. நாளைக்கு ஞாயித்துக்கெழம. காங்கேயம் ஒரு மணி நேரந்தான?"

கோபம் போய்விட்டது என்று நான் எழுத மாட்டேன். போகவில்லை. ஆனால் கிளம்பலாம் என்கிறார்.

மே 10, ஞாயிறு

எக்ஸெல்.

மே 20, புதன்

பள்ளி ஆபீஸுக்குப் போனேன். போகும் வழியில் பேச வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன், பாப்பா பத்துக் கேள்வியை உருப்போட்ட மாதிரி. பொய் சொல்லி இடம் வாங்கினீர்களா என்பார்கள். இடத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். மேடம் முகக்கவசம் இல்லாமல் என்னை ஒரு பார்வை பார்ப்பார். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன்.

கிளார்க் பைலைத் தேடி எடுத்தார். மூன்றாம் பக்கம். "ஏதுமில்லை." நான் கேட்டு வாங்கி அதை அடித்தேன். கீழே எழுதினேன்: "இரண்டு காதும் சரியாகக் கேட்காது. காது மிஷின் வைத்திருப்பாள். முகம் பார்த்துப் பேசினால் புரியும். பின்னாலிருந்து கூப்பிட்டால் தெரியாது." மூன்று கோடும் சரியாக இருந்தது.

கிளார்க் அதைப் பிரின்சிபால் அறைக்குள் எடுத்துப் போனார். நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் இருக்கும். வெளியே வந்தார்.

"முன் பெஞ்சு போடச் சொல்லிட்டாங்கம்மா. ஜன்னலுக்கு முதுகு காட்டி டீச்சர் நிக்கக் கூடாதாம், மூஞ்சி இருட்டடிக்குமாம். ரெண்டாவது பி-ல ஒரு பையன் இருக்கறான், இதே மாதிரி மிஷின் வெச்சவன். வேற ஏதாச்சும் இருக்குங்களா?"

"அவ்வளவுதாங்களா?" என்றேன்.

"அவ்வளவுதான்" என்றார் அவர். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கேட்டுக்கு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று அழுதேன். அஞ்சு வருடம். இந்த மூன்று கோட்டுக்கு அஞ்சு வருடம் பயந்திருக்கிறேன். ரங்கண்ணாவுக்கு இந்த மூன்று கோட்டை யாராவது எழுதியிருந்தால் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

மே 28, வியாழன்

மிஷின் வந்தது. வீட்டுக்கு வந்து அரை மணி நேரத்தில் குக்கர் விசில் அடித்தது. பாப்பா பயந்துபோய் என் காலைக் கட்டிக்கொண்டாள்.

ஜூன் 1, திங்கள்

முதல் நாள். புது பேக், புது ஷூ. காதுக்குப் பின்னால் மிஷின் மறைகிற மாதிரி குடுமியை இழுத்துப் போட்டேன். அவர் பார்த்தார். ரப்பர் பேண்டைக் கழற்றி, முடியைத் தூக்கி, மேலே கட்டிவிட்டார். கோணலாகத்தான் இருந்தது. அப்படியே கூட்டிப் போனோம்.

வகுப்பு வாசலில் டீச்சர் குனிந்து, பாப்பாவின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்து, நிதானமாகக் கேட்டார். "உன் பேரு என்ன?"

பாப்பா திரும்பி என்னைப் பார்த்தாள்.

என் கை பாதி தூரம் போய்விட்டது. இழுத்துக்கொண்டேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. டீச்சர் அவசரப்படுத்தவில்லை.

பாப்பா டீச்சர் பக்கம் திரும்பினாள். "தன்விகா" என்றாள்.

"கூட வந்திருக்கறது யாரு?"

"அம்மா" என்றாள். பிறகு, ரகசியம் சொல்கிற மாதிரி, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள். "அம்மாவுக்கு எப்பவும் பயம்."

நான் அவளிடம் அதை ஒருநாளும் சொன்னதில்லை. அஞ்சு வருடமாக என் முகத்தையே பார்த்து வளர்ந்தவள்.

டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பாப்பா திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய் முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் வீட்டுக்கு வந்தேன். பிசிறு மூன்று மூட்டை காத்திருந்தது.